குண்டு இறங்காத கூடு

அத்தியாயம் 11

மத்தியானம் ஒன்றே முக்கால். ஆண்டர்ஸ் ஹவ்கனுக்கு இன்னும் இரண்டேகால் மணி நேரம் பாக்கி இருந்தது.

நாலு மணிக்கு அரசு வக்கீல் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டால் அறுபது வருஷம் சிறை. போடாவிட்டால் வழக்கு, ஜூரி, அநேகமாக மரண தண்டனை. இருபத்தாறு வயசுப் பையனுக்கு எங்கள் மொன்டானா மாநிலம் கொடுத்த தள்ளுபடி விலை. என் அப்பா துப்பாக்கிச் சந்தைகளில் மேஜை போட்டுப் பழைய சேணமும் பழைய துப்பாக்கியும் விற்றவர். இப்படி இரண்டு விலை சொல்லி ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளச் சொல்கிற ஆளைத் தன் மேஜைப் பக்கமே அண்டவிடமாட்டார்.

"பெட்டியைத் திறப்பா, டாரெல்" என்றாள் இமோஜீன் ஸ்டாக்.

இமோஜீன் என் முதலாளி. வயசு அறுபத்தொன்று. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விதவைகளை அழவைத்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறாள். அழவைப்பதை மட்டும் விடவில்லை.

ஷெரிஃப் அலுவலகத்தின் சாட்சிப்பொருள் அறை அது. துணை ஷெரிஃப் டாரெல் கையுறை மாட்டிக்கொண்டே, "பாக்கலாம், தொடலாம். வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது மேடம்" என்றான்.

"என் மாமியார் வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் இதே சட்டம்தான்" என்றேன்.

"வெண்டல், வாயை மூடு" என்றாள் இமோஜீன். இந்த உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே செல்லப்பெயர் அது.

பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள், சுட்ட பிறகு மிஞ்சுமே, அந்தப் பித்தளைக் கூடு ஒன்று. சுண்டுவிரல் நீளம். இதை வைத்துத்தான் ஆண்டர்ஸை உள்ளே தள்ளியிருந்தார்கள்.

இருபத்தாறு நாளைக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை காலையில், ஹார்லன் ப்ரூட் என்கிற பண்ணைக்காரன் தன் வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தான். எதிர்மேட்டிலிருந்து ஒரே ஒரு குண்டு. நானூறு கஜம். குண்டு அவனைத் துளைத்துக்கொண்டு போய் ஆற்றில் விழுந்து காணாமல் போனது. மேட்டில் இந்தக் கூடு கிடந்தது. கூட்டின் அடியில் விழுந்திருந்த தடம் ஆண்டர்ஸின் துப்பாக்கியோடு அச்சாக ஒத்துப்போனது.

ஆண்டர்ஸுக்குக் காரணமும் இருந்தது. இரண்டு வருஷம் முன்பு ஹார்லனின் வண்டி மோதித்தான் அவன் தங்கை பிரிட்டா செத்தாள். பதினாலு வயசு. ஹார்லன் குடித்திருந்தான் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அவனிடம் மேஸ்திரியாக இருந்த நீல்ஸ் சாட்சிக் கூண்டில் ஏறி, "பொண்ணுதான் குறுக்கே ஓடிச்சு" என்றார். ஜூரி ஹார்லனை விட்டுவிட்டது. நீல்ஸ் வேறு யாருமில்லை. பிரிட்டாவின் அப்பா, ஆண்டர்ஸின் அப்பா. அடுத்த வாரமே அவர் மனைவி ஸோல்வி விவாகரத்துக்கு மனுப் போட்டாள். ஆண்டர்ஸ் தீவனக் கடை வாசலில் நின்று, "ஹார்லன், உன்னை ஒரு நாள் சுடுவேன்" என்று பதினைந்து பேர் கேட்கக் கத்தினான்.

"மேட்டுல கூடு கிடந்துச்சுன்னு கேட்டப்பவே எனக்குச் சிரிப்பு வந்துச்சு" என்றாள் இமோஜீன். "டாரெல், நீயும் தோட்டா சொந்தமா தயார் பண்றவன்தானே?"

"ஊர்ல யாரு பண்ணல மேடம்?"

"என்னிக்காவது கூட்டை விட்டுட்டு வந்திருக்கியா?"

டாரெல் முகத்தைச் சுளித்தான். எங்கள் ஊரில் பெண்டாட்டியைச் சந்தையில் மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். சுட்ட கூட்டைப் பொறுக்காமல் வந்தவன் ஒருத்தனையும் தெரியாது. திரும்பத் திரும்ப நிரப்பிச் சுடுகிற சாமான். மான் கீழே விழுவதற்குள் இவர்கள் குனிந்திருப்பார்கள்.

"பதட்டத்துல விட்டிருப்பான்" என்றான் டாரெல், அவ்வளவாக நம்பிக்கையில்லாமல்.

"வெண்டல், அந்தப் பையனோட அம்மா ஸோல்வி நம்ம ஆபீஸுக்கு வந்த அன்னிக்கு என்ன சொல்லிச்சு?"

"'எல்லாரும் கூட்டோட அடியையே பாக்கறாங்க, கழுத்தை ஒருத்தரும் பாக்கல'ன்னு அழுதுச்சு பாஸ். நம்ம கைக்குட்டை ரெண்டு போச்சு."

இமோஜீன் கூட்டை எடுத்து, குண்டு உட்காரும் அந்தக் குறுகலான வாயை, அதைத்தான் கழுத்து என்பார்கள், வெளிச்சத்துக்குக் காட்டினாள். உள்ளே கறுப்பு.

"மருந்துக் கரி. சுட்டா கருக்கத்தானே செய்யும்?" என்றான் டாரெல்.

அவள் காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றைக் கழுத்துக்குள் விட்டுச் சுழற்றி, டாரெலின் படிவத்தின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தாள். கோடு வெள்ளியாக மின்னியது.

டாரெல் குனிந்தான். "பென்சில் கோடு மாதிரி இருக்கே."

"பென்சில்ல இருக்கற அதே சாமான்தான். கிராஃபைட் தூள். வெண்டல், அந்தக் குண்டைக் கொடு."

காலையில் தீவனக் கடையில் அவள் வாங்கச் சொன்ன வெறும் குண்டு, மருந்தும் கூடும் இல்லாதது, என் சட்டைப் பையில் இருந்தது. கொடுத்தேன். மேஜையில் டாரெலின் இடைவாரிலிருந்து உருவிய, அவன் போன வாரம் சுட்ட கூடு ஒன்றும் இருந்தது. அதே ரகம். அதன் கழுத்தில் குண்டை விட்டாள். தபால் பெட்டியில் கடிதம் போல உள்ளே விழுந்தது. சாட்சிக் கூட்டின் கழுத்தில் வைத்தாள். குண்டு வாயிலேயே உட்கார்ந்துகொண்டது. தட்டினாள். இறங்கவில்லை.

"ஜூரிகிட்ட சொல்ற மாதிரி சொல்றேன், கேளு. சுட்டதும் பித்தளை விரியும், கழுத்து தளர்ந்து போகும். மறுபடி குண்டைப் பிடிக்கணும்னா கழுத்தை இறுக்கணும். என்ன பண்ணுவே?"

"வழுக்கறதுக்கு வெளியில கொஞ்சம் கம்பளி மெழுகு தடவி, கழுத்துக்குள்ள பிரஷ்ஷால கிராஃபைட் போட்டு, அச்சுல விட்டு அழுத்துவேன்" என்றான் டாரெல். அவன் குரல் மெதுவாக இறங்கிக்கொண்டே போனது. "கழுத்துக்குள்ள தூள் போடலேன்னா திரும்ப இழுக்கறப்ப கிறீச்சுன்னு பிடிச்சுக்கும், கழுத்து நீண்டுடும்..."

"இந்தக் கூட்டுல தூள் அப்படியே இருக்கு. கழுத்தும் இறுகியிருக்கு. கடைசியா இது பார்த்தது துப்பாக்கியை இல்ல, அச்சை. இதுலேருந்து ஹார்லனைச் சுட்டிருந்தா கழுத்து விரிஞ்சிருக்கணும். உங்க நிபுணர்கள் ரெண்டு பேர் அடியைப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க."

"முகத்தைப் பாக்காம கல்யாணம் பண்ணிக்கிட்ட கதைதான்" என்றேன்.

டாரெல் சிரிக்கவில்லை. அவன் கூட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, திடீரென்று நிமிர்ந்தான். "இல்ல மேடம். இடிக்குது. அச்சுல அழுத்தினா நடுவுல இருக்கற குத்தூசி, அடியில இருக்கற பழைய பொட்டைத் தள்ளி வெளிய போட்டுடுமே? இதுல வெடிச்ச பொட்டு அப்படியே உக்காந்திருக்கு."

இமோஜீன் குனிந்து பார்த்தாள். பொட்டு இருந்தது. கூட்டின் அடியில் பொட்டுவெடி போல ஒட்டியிருக்கிற சின்னத் தகடு, நடுவில் குழிந்து. தனக்கு விடை தெரியாதபோது மட்டும் அவள் மரியாதையாகப் பேசுவாள்.

"சரியான கேள்வி, தம்பி" என்றாள்.

டாரெல் அரசு வக்கீலுக்கு போன் போட்டான். அந்த ஆள் மூன்று நிமிஷம் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: "பென்சில் கோடெல்லாம் எனக்கு வேண்டாம். அந்தக் கூட்டை அங்க யார் போட்டாங்கன்னு சொல்லு. இல்லேன்னா நாலு மணிக்குக் கையெழுத்து."

மணி இரண்டு ஐம்பது.

சிறை வாசல் பெஞ்சில் ஸோல்வி உட்கார்ந்திருந்தாள். மடியில் துணி சுற்றிய உருளைக்கிழங்கு ரொட்டி. இருபத்தாறு நாளாகத் தினமும் கொண்டுவந்து, காவலர்கள் தின்பதைப் பார்த்துவிட்டுப் போகிறாள். எங்களைக் கண்டதும் எழுந்தாள்.

"கழுத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றாள் இமோஜீன். "வாங்க. நீங்களும் உள்ள வாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். கட்சிக்காரர்களை விசாரணைக்குள் கூட்டிப்போவது அவளுக்குப் பிடிக்காது. வாங்குகிறவனையும் விற்கிறவனையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தால் தரகனுக்கு என்ன வேலை என்பாள்.

சந்திப்பு அறையில் நடுவே கம்பி வலை. அந்தப் பக்கம் ஆண்டர்ஸ். இளைத்திருந்தான். அவன் முன்னால் அந்தத் தாளும் பேனாவும் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. டாரெல் கதவருகே நின்றான்.

"தம்பி, ஒரே கேள்வி" என்றாள் இமோஜீன். "அச்சுல அழுத்தின கூட்டுல பழைய பொட்டு எப்படிப்பா அப்படியே இருக்கும்?"

"குத்தூசி உடைஞ்சா இருக்கும்" என்றான் ஆண்டர்ஸ், யோசிக்காமல். அப்புறம் யோசித்தான். "புதன்கிழமை சாயங்காலம் உடைஞ்சுதே! ஹார்லன் சாகறதுக்கு முந்தின நாள். என் கூட்டுக்கெல்லாம் கழுத்தை இறுக்கிப் பிடிக்க உக்காந்தேன். முதல் கூட்டுலயே டக்குனு போச்சு. கழுத்து இறுகிடுச்சு, பொட்டு வரல."

"அந்தக் கூட்டை என்ன பண்ணினே?"

"அப்பாவோட டின்ல போட்டேன்."

டாரெல் ஒரு அடி முன்னால் வந்தான்.

"என்ன டின்?"

"காபி டின். நீல்ஸ்னு டேப் ஒட்டியிருக்கும். அவரோட சுட்ட கூட்டெல்லாம் கழுத்து பிடிச்சுத் தரச் சொல்லிக் குடுத்திருந்தாரு. பாதி ஊருக்கு நான்தானே பண்றேன். எனக்கும் அவருக்கும் ஒரே ரகத் துப்பாக்கி. அவர்கிட்ட குத்தூசி ஸ்பேர் இருக்கும்னு அன்னிக்கே போன் பண்ணினேன். டின்னை எடுக்க வர்றப்ப காட்டலாம்னு உடைஞ்ச கூட்டை மேலயே..." அவன் நிறுத்தினான். வலையைப் பிடித்துக்கொண்டான். "மேட்டுல கிடந்தது அதுவா?"

"அதுதான்."

"அது அப்பா டின்ல இருந்துச்சு! நான் வேலை பண்ற ஷெட்டைப் பூட்டற வழக்கமே கிடையாது. அப்பாவை ஹார்லன் போன மாசம்தான் வேலையை விட்டுத் துரத்தினான். ரெண்டு பேரும் கைகலப்பு வரைக்கும் போனாங்க!" ஆண்டர்ஸின் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே வேறு ஒன்று வந்து சந்தோஷத்தைத் தின்றது. "சுட்டுட்டு... என் கூட்டைப் போட்டுட்டாரா? எங்கப்பாவா? அம்மா?"

நான் ஸோல்வியைப் பார்த்தேன். கைவிட்டுப் போன வியாபாரம், கடையை மூடுகிற நேரத்தில் தானாகத் திரும்பி வந்தால் ஒரு முகம் மலருமே. சந்தையில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அங்கே அதற்கு அர்த்தம் புரியும். இங்கே எனக்குப் புரியவில்லை.

"நான் சொன்னா யாரு கேட்டா?" என்றாள் ஸோல்வி. குரல் நடுங்கவில்லை. "மகளை வித்தவன். மகனை விக்க மாட்டானா?"

"எழுதிக்கோங்க" என்றான் ஆண்டர்ஸ். பல்லைக் கடித்தான். "டாரெல், நான் சாட்சி சொல்றேன். எங்கப்பாவைப் போய்ப் பிடிங்க."

டாரெல் போனை எடுத்தான். மணி மூன்று இருபது.

"வை" என்றாள் இமோஜீன். "தம்பி, உங்கப்பா கண்ணைக் கட்டிட்டு, கையில ஒரு கூட்டைக் கொடுத்தா என்ன சொல்வாரு?"

"எங்கப்பாவா? நாப்பது வருஷமாப் பண்றாரு. விரலால ஒரு தடவு தடவினா எத்தனை தடவை சுட்டது, கழுத்து பிடிச்சதா பிடிக்காததா, எல்லாம் சொல்லிடுவாரு. எனக்கே அவர்தான்..."

அவன் தன் விரல்களைப் பார்த்தான்.

"அப்போ, மெழுகு பிசுபிசுக்கற, கழுத்து இறுகின கூட்டை, தன் பேர் எழுதின டின்லேருந்து எடுத்து, இது இப்பதான் சுட்டதுன்னு அவர் மேட்டுல போட்டிருப்பாரா?"

டாரெல் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"அந்தக் கூட்டைப் போட்டவங்களுக்குத் துப்பாக்கி நல்லாத் தெரியும். நானூறு கஜத்துல ஒரே குண்டு. ஆனா தோட்டா தயார் பண்ற பெஞ்சுல ஒரு நாள்கூட உக்காந்ததில்ல. சுட்ட கூட்டுக்கும் அழுத்தின கூட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த ஊர்ல அப்படி ஆள் அபூர்வம்." இமோஜீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "உங்கம்மா நரி சுடறதுக்கு ஒரு துப்பாக்கி வெச்சிருக்காங்களே. அதுக்குத் தோட்டா யாருப்பா தயார் பண்றது?"

"நான்தான்" என்றான் ஆண்டர்ஸ்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவனுக்கு உறைத்ததும் எனக்கும்.

"ஸோல்வி," என்றாள் இமோஜீன், தேநீருக்கு அழைக்கிற குரலில், "மூணு வக்கீலுக்குத் தோணல. ரெண்டு நிபுணருக்குத் தோணல. கழுத்தைப் பாருங்கன்னு உங்களுக்கு எப்படிம்மா தோணிச்சு?"

ஸோல்வி மடியிலிருந்த ரொட்டியை மேஜையில் வைத்தாள். துணியின் முனையை ஒழுங்காக மடித்துவிட்டாள்.

"கட்டைவிரல் பிசுபிசுன்னு இருந்துச்சு" என்றாள். "பாவாடையில தொடைச்சேன். கூட்டையும் தொடைச்சேன். ஒண்ணும் நினைக்கல. இவனைப் பிடிச்சுட்டுப் போன அப்புறம் ஷெட்டுக்குப் போய் இவனோட தோட்டா தயார் பண்ற புஸ்தகத்தை எடுத்துப் படிச்சேன். அப்பதான் தெரிஞ்சுது." மகனைப் பார்த்தாள். "டின்ல உங்கப்பன் பேரு இருந்துச்சுடா கண்ணா. மாட்டிவிட நெனச்சது உன்னை இல்ல. அவனை. ஹார்லன் என் பொண்ணைக் கொன்னான், உங்கப்பன் அதுக்குக் காவல் நின்னான். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு குண்டு போதும்னு நெனச்சேன்."

"இருபத்தாறு நாள்" என்றாள் இமோஜீன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவன் அன்னிக்கே வெளிய வந்திருப்பான்."

"நான் உள்ள போயிட்டா நீல்ஸ் வெளிய சிரிப்பான்."

"அதனால மகனை உள்ள வெச்சுட்டு எங்களை வாடகைக்குப் பிடிச்சீங்க. நாங்க பாதி, நீல்ஸோட டின் வரைக்கும், கண்டுபிடிச்சாப் போதும்னு."

"விளம்பரத்துல நீங்கதான் ரொம்ப மலிவு" என்றாள் ஸோல்வி. அந்த அறையில் அன்றைக்கு என்னைத் தவிர வேறு ஒருத்தர் அடித்த ஒரே ஜோக். அவள் அதை ஜோக்காகச் சொல்லவில்லை.

ஆண்டர்ஸ் வலையை விட்டுப் பின்னால் நகர்ந்தான். "ஹார்லனைக் கொன்னே. சரி. தெரியாம என் கூட்டைப் போட்டுட்டே. அதையும் சரின்னு வெச்சுக்கறேன். ஆனா இப்போ, அஞ்சு நிமிஷம் முன்னாடி? அப்பாதான் பண்ணாருன்னு நான் சொன்னேன். பொய்னு உனக்குத் தெரியும். ஆமான்னியேம்மா. என் வாயாலயே அவரைத் தூக்குல போட வெச்சிருப்பே."

ஸோல்வி ரொட்டித் துணியின் முனையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நாலு மணிக்கு அவங்களுக்கு ஒரு கையெழுத்து வேணும்" என்றாள் இமோஜீன். "யாரோடதுன்னு எனக்குக் கவலையில்ல. டாரெல், அந்தப் பேனாவை வாங்கி இந்தப் பக்கம் கொடு."

மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஸோல்வி வாக்குமூலத்தின் கீழே பேர் எழுதினாள். அழகான கையெழுத்து. எழுந்தபோது ரொட்டியை வலைக்கு அடியில் தள்ளி, "சூடு ஆறிடும்" என்றாள். ஆண்டர்ஸ் அதைத் திரும்பத் தள்ளினான். கடைசியில் அன்றைக்கும் டாரெல்தான் தின்றான். நல்ல பசி போலிருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆண்டர்ஸை விட்டார்கள். எதிரே பழைய பிக்கப் வண்டியில் சாய்ந்தபடி நீல்ஸ் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். மகன் அருகில் வந்ததும் சட்டைப் பையிலிருந்து சின்னப் பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே புதுக் குத்தூசி.

"கேட்டியே" என்றார்.

ஆண்டர்ஸ் அதைப் பார்த்தான். "எப்போ வாங்கினீங்க?"

"நீ போன் பண்ணின அன்னிக்கே. வீட்ல இருந்தது வளைஞ்சு போயிருந்துச்சு."

"அன்னிலேருந்து பையிலயே இருக்கா?"

"ஆமா."

"ஒரு தடவை உள்ள வந்து, 'ஏண்டா, எதுக்கு ஊசி கேட்டே'ன்னு கேட்டிருந்தா, அன்னிக்கே நான் வெளிய வந்திருப்பேன்" என்றான் ஆண்டர்ஸ். "ஏம்பா வரல?"

நீல்ஸ் தொப்பியின் விளிம்பை ஒரு சுற்று சுற்றினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். இரண்டு வருஷம் முன்பு சாட்சிக் கூண்டிலும் அவர் உண்மையைத்தான் சொன்னாரோ என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

"நீதான் சுட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

ஆண்டர்ஸ் குத்தூசியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வண்டிக் கதவை நீல்ஸ் திறந்துவிட்டார். அவன் அதைத் தாண்டிச் சாலையில் இறங்கி நடக்க ஆரம்பித்தான். வீடு பதினோரு மைல்.

ஒரு மணி நேரம் கழித்து நாங்கள் அந்த வழியாகப் போனோம். அவன் இன்னும் நடந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பத்தடி பின்னால், நடக்கிற வேகத்திலேயே, அந்த பிக்கப் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கதவு இன்னும் திறந்தபடியே ஆடிக்கொண்டிருந்தது.

"நிறுத்தட்டுமா பாஸ்?" என்றேன்.

"எதுக்கு?" என்றாள் இமோஜீன். "ஓட்டு."